ஒரு கவளம், இரண்டு வயிறு

தவமலர் ஒரு கவளம் விழுங்கினால் இரண்டு வயிறு நிறையும் என்பது கள்ளிமுனையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஒன்று அவளுடைய வயிறு, சந்தியடியில் இடியப்பக் கடை வைத்திருக்கிற வயிறு, மற்றது தெற்கே மூன்று பஸ் மாறிப் போகவேண்டிய பெரிய மறியல்வீட்டுக்குள் வழக்கும் இல்லாமல் விடுதலையும் இல்லாமல் கிடந்த அவளுடைய தம்பி நிமலனுடைய வயிறு. இதை யாரும் பெரிய புதினமாகச் சொல்லித் திரியவில்லை. ஊரில் ஒருவருக்குச் சீனி வருத்தம், ஒருவருக்கு முட்டு இழுப்பு, ஒருவருக்கு மழைக்காலத்தில் முழங்கால் நோ, தவமலருக்கு இது, அவ்வளவுதான்.

நிமலனைக் கொண்டுபோனது ஒரு சந்தை நாள் காலையில். கடைக்குத் தேங்காய் வாங்கப் போனவனைச் சீருடை போடாத இரண்டு பேர் சைக்கிளோடு மறித்து, சின்ன விசாரணைதான், பின்னேரம் விட்டுவிடுவோம் என்று சொல்லி வான் வண்டியில் ஏற்றினார்கள். தேங்காய்ச் சாக்கைக் கட்டின சைக்கிள் சந்தை வாசலிலேயே நின்றது. அந்தப் பின்னேரம் பிறகு வரவேயில்லை. ஆளைச் சந்தேகப்பட்டால் போதும், ஏன் என்று சொல்லாமலே உள்ளே வைத்திருக்கலாம், சொல்ல ஒன்று அகப்படும்வரை வைத்திருக்கலாம் என்று ஒரு சட்டம் இருந்தது, அந்தச் சட்டத்துக்குள் அவன் போய் விழுந்தான். இடைக்கிடை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்கள், தவணை போடுவார்கள், திரும்பக் கொண்டுவந்து பூட்டுவார்கள். தாடி முளைக்காத பெடியனாகப் போனவனுக்கு உள்ளேயே தாடி முளைத்து, உள்ளேயே காதோரம் நரைக்கவும் தொடங்கிவிட்டது.

தவமலர் அவனுக்கு அக்கா மட்டும் இல்லை. தாய் சண்டைக் காலத்தில் போய்விட்டாள், தகப்பன் அதற்கு முன்னமே. பதுங்குகுழிக்குள் ஒரு பேணிக் கஞ்சியை வைத்துக்கொண்டு, நான் குடித்துவிட்டேன், நீ குடி என்று பொய் சொல்லிச் சொல்லி அவனை வளர்த்தவள் அவள்தான். அந்தப் பொய்யெல்லாம் சேர்ந்துதான் இப்போது மெய்யாகிப் பலிக்கிறது என்று ஊரில் சிலர் சொன்னார்கள். ஒரே கோப்பையில் குழையல் சோறு திரட்டித் தின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு என்று வேறு சிலர் சொன்னார்கள். காரணத்தைத் தோண்டிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

முதலில் கண்டுபிடித்தவன் நிமலன்தான். பார்க்கப் போன ஒரு நாள், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று, அக்கா, போன வெள்ளிக்கிழமைக் கணவாய்க்கு ஏன் இவ்வளவு புளி விட்டனீங்கள் என்று கேட்டான். அவள் சிரித்துவிட்டு வந்தாள். அடுத்தமுறை போனபோது, ஆரோ உங்களுக்குப் பாயாசம் தந்திருக்கினம், முந்திரிகைவத்தல் கூட, நல்லாய் இருந்தது என்றான்; அது உண்மையில் பக்கத்து வளவு றீற்றாக்காவின் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த வீட்டுப் பாயாசம். திரும்பி வந்த தவமலர் வேண்டுமென்றே ஒரு பச்சைமிளகாயைக் கடித்துப் பார்த்தாள், மறியல்வீட்டில் நிமலன் தண்ணி தண்ணி என்று ஓடினானாம். அதற்குப்பிறகு அவள் மிளகாய் கடிப்பதை விட்டுவிட்டாள்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். றீற்றாக்கா அந்தோனியார் கோயில் பக்கத்துக்காரி, தவமலரைவிடப் பத்து வயது மூத்தவள், காலையிலும் பின்னேரமும் கடையில் வந்திருந்து வெங்காயம் உரித்துக் கொடுக்கிறவள். அவள்தான் தொடக்கிவைத்தாள், தம்பிக்கு நண்டென்றால் உயிரல்லவா என்று சொல்லி ஒரு சட்டி நண்டுக் கறியைக் கொண்டுவந்து தவமலரின் முன்னால் வைத்து, மெல்ல மெல்லச் சாப்பிடு பிள்ளை, அவன் சப்பி விழுங்கட்டும் என்றாள். பிறகு கலியாண வீட்டுப் பங்கு வந்தது, கோயில் பொங்கல் வந்தது, வலை இழுத்த வீடுகளில் இருந்து முரலும் விளைமீனும் வந்தன, நிமலனின் பிறந்த நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அவனோடு படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கேக் வெட்டித் தவமலரின் வாயில் ஊட்டித் தீத்தினார்கள். அவனுடைய கூட்டாளி ஒருவன் ஒரு பேணி கள்ளைக் கொண்டுவந்து, மச்சான் எத்தனை வருசமாய்க் காய்ந்துபோய்க் கிடக்கிறான், ஒரே ஒரு மிடறு அக்கா என்று காலில் விழாத குறையாய்க் கெஞ்ச, அவள் அவனை ஏசிக் கலைத்துவிட்டு, ஆள் போனபிறகு கதவைச் சாத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு விழுங்கினாள். அடுத்தமுறை பார்க்கப் போனபோது நிமலனுடைய முகத்தைவிட்டுச் சிரிப்புப் போகவேயில்லை.

இப்படித்தான் ஊர் கூடி ஒருவனுக்குச் சோறு போட்டது, இப்படித்தான் தவமலர் சதை வைத்து ஊதினாள், இப்படித்தான் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றவனும் கன்னத்தில் சதைபிடித்து நின்றான். பிறகு அந்தச் செய்தி வந்தது.

வழக்கில்லாமல் கிடந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து சோற்றைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள். தண்ணி மட்டும் குடிப்பார்கள். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எங்கள்மேல் வழக்குப் போடு, இல்லாவிட்டால் எங்களை விடு. நிமலனும் அதில் ஒருவன். அவனோடு ஒரே பாயில் படுக்கிற சாந்தரூபன் என்கிறவர், அவர்களுக்குள் வயதில் மூத்தவர், உள்ளே போய் மற்றவர்களைவிடக் கனகாலம் ஆனவர், அவர்தான் இதை முதலில் சொன்னவர். வானொலியில் இதைக் கேட்ட அடுத்த நிமிசமே தவமலரின் கை அரிசியைத்தான் தேடியது. அவன் சாப்பிடாவிட்டால் என்ன, நான் இருக்கிறேன்.

ஊரும் அதைத்தான் நினைத்தது. முன்னம் ஒரு சட்டி வந்த இடத்தில் இப்போது மூன்று சட்டி வந்தது. காலையில் பால்கஞ்சி, பத்து மணிக்கு முட்டை, மத்தியானம் மீனும் மரக்கறியும், பின்னேரம் பிட்டும் வாழைப்பழமும். அவள் போதும் என்றால், உனக்குப் போதும், அவனுக்குப் போதுமா என்று கேட்டார்கள். மற்றத் தாய்மார் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிய, எங்கட பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று கள்ளிமுனை சற்றுப் பெருமையோடுதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

மறியல்வீட்டில் ஒவ்வொரு காலையும் டொக்டர் வந்து எல்லாரையும் தராசில் ஏற்றினார். மற்றவர்களின் கன்னம் ஒட்டியது, கண் உள்ளே போனது, எழும்பினால் தலை சுற்றியது, சுவரைப் பிடித்து நடந்தார்கள், பிறகு நடப்பதை விட்டார்கள். நிமலன் மட்டும் போன கிழமை நின்ற நிறையிலேயே நின்றான், ஊரில் கோயில் திருவிழா நடந்த கிழமை ஒரு கிலோ கூடவும் செய்தான். அவன் வாயில் ஒரு பருக்கை வைக்கவில்லை. ஆனால் மேலிடத்துக்கு அது போதுமாயிருந்தது: இவர்கள் களவாய்த் தின்றுகொண்டு நாடகம் ஆடுகிறார்கள், இதோ பாருங்கள் என்று நிமலனுடைய படத்தைப் பத்திரிகையில் போட்டார்கள். ஏன் வழக்கில்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரரும் கேட்பதை நிறுத்தினார்கள். சாந்தரூபன் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தவமலர் பார்க்கப் போன அன்று கம்பிவலைக்கு நடந்து வந்தவன் நிமலன் ஒருவன்தான். மற்றவர்களைப் பார்க்க வந்த தாய்மாரும் பெண்சாதிமாரும் வெறும் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பிறகு நிமலனைப் பார்த்தார்கள், பிறகு தவமலரைப் பார்த்தார்கள். அவள் சீலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

"அக்கா, இனிச் சாப்பிடாதேங்கோ," என்றான் நிமலன்.

"நான் சாப்பிடாட்டி நீ செத்துப்போவாய் தம்பி."

"சாகோணும் எண்டு நான் இதைத் தொடங்கேல்லை. வழக்குப் போடு, இல்லாட்டி விடு எண்டு கேக்க எங்களிட்டை வேறை வாய் இல்லை. கையைக் கட்டினாங்கள், காலைக் கட்டினாங்கள், வருசத்தை எடுத்தாங்கள். இந்த வயிறு ஒண்டுதான் என்ர எண்டு மிஞ்சினது. அதை நீங்கள் வைச்சிருக்கிறியள் அக்கா. திருப்பித் தாங்கோ."

பஸ்சில் வரும்போது தவமலருக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். எவ்வளவு சுலபமாய்ச் சொல்லிவிட்டான். பதுங்குகுழிக்குள் கஞ்சிப் பேணியை வாயில் வைத்துக் கொடுத்த கையிடம் வயிற்றைத் திருப்பிக் கேட்கிறான். அவனை இழந்துவிட்டுத் தன்னுடைய வயிற்றை மட்டும் வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? முதல் பஸ்சில் அவனை ஏசினாள், இரண்டாவது பஸ்சில் அவனைப் பிடித்தவர்களை ஏசினாள், மூன்றாவது பஸ்சில் ஏசுவதற்கு யாரும் மிஞ்சவில்லை. அந்த வெறும் வலையைப் பார்த்துக்கொண்டு நின்ற தாய்மார்தான் கண்ணுக்குள் நின்றார்கள். சாந்தரூபனுக்கு ஊரில் விழுங்க யாரும் இல்லை, அவர் மெலிகிறார், அவர் சொல்வது மெய் என்று எல்லாரும் நம்புகிறார்கள். என் தம்பி சொல்வதும் அதே மெய்தான், அதை என்னுடைய வாய்தான் பொய்யாக்குகிறது என்று அவளுக்கு விளங்கியபோது கள்ளிமுனைச் சந்தி வந்துவிட்டது.

அன்றோடு அவள் சாப்பாட்டை நிறுத்தினாள். கடையை நிறுத்தவில்லை, சந்தியடியில் வேலைக்குப் போகிற சனம் அவளுடைய அடுப்பை நம்பித்தான் காலையில் வெறும் வயிற்றோடு வீட்டை விட்டு இறங்கும். மா குழைத்தாள், இடியப்பம் பிழிந்தாள், சொதி வைத்தாள், சம்பல் இடித்தாள், எல்லாருக்கும் போட்டுக் கொடுத்தாள், தான் தண்ணியைக் குடித்துவிட்டு மூலையில் இருந்தாள்.

ஊருக்கு இது பிடிக்கவில்லை. சட்டியோடு வந்தவர்கள் சட்டியோடு திரும்பிப் போனார்கள். சிலர் படலையிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். பெற்றிருந்தால் தெரியும் என்று ஒருத்தி சொன்னாள், அது தவமலரின் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னாள். றீற்றாக்கா ஒவ்வொரு நாளும் கோப்பையில் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து முன்னால் வைத்துக்கொண்டு, தண்டனை குடுக்க அவங்கள் இருக்கிறாங்கள், நீயும் அவங்களோடை சேருறியோ என்று கேட்டாள். தவமலர் கோப்பையைக் காகத்துக்குக்கூடப் போடாமல் மூடித் திருப்பிக் கொடுத்தாள். பசி முதலில் கத்தியது, பிறகு கெஞ்சியது, பிறகு களைத்துப்போய் ஒரு மூலையில் கிடந்தது.

ஆனால் நிமலன் மெலியவில்லை. அவர்களுக்காக நிற்கிற சட்டத்தரணிப் பிள்ளை போன் எடுத்துச் சொன்னாள்: கொஞ்சம் குறைந்திருக்கிறார், மற்றவர்களைப்போல இல்லை, காலையிலும் பின்னேரமும் இரத்தத்தில் சீனி ஏறுகிறது, டொக்டருக்கே விளங்கவில்லை, பத்திரிகையில் திரும்பவும் கள்ளன் என்று எழுதுகிறார்கள், அக்கா உண்மையைச் சொல்லுங்கோ, நீங்கள் ஏதாவது சாப்பிடுகிறீர்களா? தவமலர் செத்த தாயின்மேல் சத்தியம் பண்ணினாள். ஒரு பருக்கை இல்லை, ஒரு துண்டுத் தேங்காய்ச் சொட்டு இல்லை, தேத்தண்ணிகூட இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அடுப்பில் கொதித்த சொதியைக் கிண்டி, அகப்பையை உயர்த்தி, ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு, நக்கி, உப்புக் காணாதென்று ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாள்.

பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்த றீற்றாக்காவின் கை அப்படியே நின்றது. அந்த அமைதியில்தான் தவமலர் தன்னுடைய உள்ளங்கையைப் பார்த்தாள்.

இருபது வருசமாய் அடுப்படியில் நிற்கிற கை அது. கறி கொதித்தால் அகப்பை தானாய் எழும்பும், துளி தானாய் விழும், நாக்கு தானாய் வரும். சமைக்கிறவளுக்கு அது சாப்பாடு இல்லை, மூக்குச் சிந்துவதுபோல ஒரு காரியம், கணக்கிலேயே சேராது. காலையில் சொதிக்கு ஒன்று, புளி விட்டபின் ஒன்று, இறக்கும்போது ஒன்று, சம்பலுக்கு ஒரு கிள்ளு, பின்னேரம் கறிக்குத் திரும்பவும் அதே. விரதம் என்று நினைத்துக்கொண்டு துளி துளியாய் ஒரு சட்டியை விழுங்கியிருக்கிறாள்.

"கண்டனீங்களோ றீற்றாக்கா?"

"கண்டனான்," என்றாள் றீற்றாக்கா. "முதல் நாளே கண்டனான். வாயைத் திறக்கேல்லை. அந்தத் துளியாவது பிள்ளைக்குப் போகட்டும் எண்டு மாதாவிட்டை நேந்துகொண்டு இருந்தனான்."

தவமலர் ஏசவில்லை. ஏசியிருந்தால் றீற்றாக்காவுக்குச் சுகமாயிருந்திருக்கும். அவள் கையைக் கழுவினாள், சீலையில் துடைத்தாள், அகப்பையைக் கொண்டுவந்து றீற்றாக்காவின் கையில் கொடுத்து, இனி நீங்கள் உப்புப் பாருங்கோ என்று மட்டும் சொன்னாள். றீற்றாக்கா அகப்பையை வாங்கிக்கொண்டு அழுதாள், பிறகு வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டாள்.

றீற்றாக்கா பிரஷர்காரி. உப்பைத் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லிக் கனகாலம் ஆகி, அவளுடைய நாக்குக்கு உப்பின் அளவே மறந்துபோயிருந்தது. ஆகையால் அன்றிலிருந்து தவமலரின் கடையில் சொதியும் கறியும் சப்பென்று இருந்தன. முதல் நாள் ஒரு லொறிக்காரன் முகத்தைச் சுளித்து வாயைத் திறக்கப்போனான், பக்கத்தில் இருந்தவர் அவனுடைய காதுக்குள் ஏதோ சொன்னார், அவன் தலையைக் குனிந்து கோப்பையை வழித்துத் தின்றுவிட்டுப் போனான். அதற்குப்பிறகு ஒருவரும் உப்புக் கேட்கவில்லை. தவமலரை ஏசினவர்கள்கூட வந்திருந்து அந்தச் சப்பைச் சொதியைக் குடித்துவிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லிக் கையைக் கழுவினார்கள்.

இப்போது நிமலன் மெலிந்தான். சட்டத்தரணிப் பிள்ளை போனில் சொல்லச் சொல்லத் தவமலர் கேட்டுக்கொண்டாள்: கன்னம் ஒட்டிவிட்டது, எழும்பி நிற்கிறார் இல்லை, பேசினால் மூச்சு வாங்குகிறது. சாந்தரூபன் சுவர்ப்பக்கம் இருந்து திரும்பி நிமலனுடைய கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்றும் சொன்னாள். கேட்டுவிட்டுத் தவமலர் பாயில் சுருண்டு படுத்து, என்ர குஞ்சு, என்ர குஞ்சு என்று சத்தமாய் அழுதாள். அழுதாலும் வாயைத் திறந்து ஒன்றையும் உள்ளே விடவில்லை.

சந்தியடியில் சாப்பிடுகிறவர்களில் ஒட்டுக்கேட்கிறவர்களும் உண்டு. இடியப்பம் தின்ற வாய் சும்மா கிடக்குமா? சங்கதி மேலிடத்துக்குப் போனது. ஒரு காலையில் கடை வாசலில் இரண்டு வாகனம் வந்து நின்றது. முதலாவதில் தமிழ் நன்றாய்க் கதைக்கிற ஒரு அதிகாரியும் இரண்டு பெண் பொலிசும், இரண்டாவதில் மறியல்வீட்டு டொக்டரும், அவருடைய பையும், நகரத்துப் பெரிய சாப்பாட்டுக் கடையில் இருந்து வந்த மூடின சட்டிகளும். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். அக்கா என்றுதான் கூப்பிட்டார். தம்பியின் உயிர் உங்களுடைய கையில் இருக்கிறது, அவருக்குக் குழாய் வைத்துத் தீத்தினால் உலகம் கத்தும், நீங்கள் உங்களுடைய வீட்டில் இருந்து ஒரு வாய் சாப்பிட்டால் யார் என்ன கேட்கப்போகிறார்கள் என்று சொல்லிச் சட்டிகளைத் திறந்து வைத்தார். நண்டுக் கறி. முரல் பொரியல். முந்திரிகைவத்தல் போட்ட பாயாசம்.

படலையடியில் ஊர் கூடிவிட்டது. நண்டின் வாசம் அவர்களுடைய மூக்கிலும் ஏறியது. ஒவ்வொருவரும் தாங்கள் அன்புக்குக் கொண்டுவந்த அதே சட்டி அந்த அதிகாரியின் கையில் இருப்பதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

தவமலர் சுவரில் சாய்ந்திருந்தாள். எழும்ப ஏலவில்லை. "என்னிலை என்ன குற்றம்?" என்று கேட்டாள்.

அதிகாரி சிரித்தார். குற்றம் ஒன்றும் இல்லை, சாப்பாடுதானே என்றார்.

"குற்றம் இல்லாட்டி எந்தச் சட்டத்திலை எனக்குத் தீத்த வந்தனீங்கள்? தம்பியிலையும் ஒண்டும் இல்லை எண்டபடியாத்தானே இவ்வளவு வருசமாய் ஒண்டையும் எழுதாமல் வைச்சிருக்கிறியள்."

அதிகாரியின் முகத்தில் இருந்த அக்கா போய்விட்டது. பெண் பொலிசைப் பார்த்துத் தலையை ஆட்டினார், டொக்டரைப் பார்த்துப் பையைத் திறக்கச் சொன்னார். ஒருத்தி தவமலரின் தோளைப் பிடித்தாள். டொக்டர் பையைத் திறந்து றப்பர்க் குழாயை எடுத்துப் பார்த்தார். வயதான மனுசன், வார்டில் நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டுப் படித்த தமிழ் அவருடையது. எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். அதிகாரி போகாமல் நின்றார். டொக்டர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அவர் போகும்வரை நின்றார். பிறகு தவமலருக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"தம்பியையும் தனிய வைச்சுக் கேட்டது. காவல் இல்லாமல் கேட்டது. தெளிவாய்ச் சொன்னவர், வேண்டாம். உங்களையும் கேக்கிறது. ஆராவது வற்புறுத்தினதா?"

"ஓம். சாப்பிடச் சொல்லி ஊர் முழுக்க வற்புறுத்தினது."

டொக்டர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, குழாயைச் சுருட்டிப் பைக்குள் வைத்து மூடினார். புத்தி தெளிந்த ஆள் வேண்டாம் என்றால் நான் வைக்கிறது இல்லை, அது என்னுடைய வேலை இல்லை என்றார். நாடி பிடித்துப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். எழும்பும்போது இன்னுமொன்று சொன்னார்: இது முடிகிற நாளில் சோறு வேண்டாம், கறி வேண்டாம், கஞ்சித் தண்ணி, ஒரு கரண்டி, பொறுத்து இன்னொரு கரண்டி, பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று கொட்டினால் நெஞ்சு நின்றுவிடும், அவருக்கும் உங்களுக்கும். வெளியில் அதிகாரி அவரோடு சத்தம் போடுவது கேட்டது. றீற்றாக்கா உள்ளே வந்து, ஒருவரையும் கேட்காமல் நண்டுச் சட்டியை மூடினாள், முரலை மூடினாள், பாயாசத்தை மூடினாள், ஒவ்வொன்றாய்க் கொண்டுபோய் வாகனத்துக்குள் வைத்துவிட்டு வந்தாள். அதற்குப்பிறகு கள்ளிமுனையில் ஒருவரும் தவமலரைச் சாப்பிடச் சொல்லவில்லை. வருவார்கள், முற்றத்தில் இருப்பார்கள், போவார்கள்.

சாந்தரூபன் செத்துப்போன செய்தி ஒரு விடியக்காலை வானொலியில் வந்தது. அவருடைய ஊர் வேறு, தாய் இன்னும் இருந்தாள், அவள் விழுங்கினால் அவளுடைய வயிறு மட்டும்தான் நிறையும். கள்ளிமுனை அவரைக் கண்டதில்லை, ஆனாலும் கடைகள் பூட்டின, படகுகள் கரையில் கிடந்தன, மின்கம்பங்களில் கறுப்புக்கொடி ஏறியது. தவமலர் அன்று முழுக்க, அந்த மனுசனுக்காக விழுங்க யாரும் இருக்கவில்லை, அவருக்கு இரண்டாவது வயிறு இருக்கவில்லை, ஒன்றே ஒன்றைத்தான் வைத்திருந்தார், அதைத்தான் கொடுத்தார் என்று நினைத்து நினைத்துக் கிடந்தாள். நிமலனுடைய கையை விடாமல்தான் போனாராம். தம்பியின் கையில் அந்தக் குளிர் இன்னும் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்தச் சாவோடு வெளியில் சத்தம் எழும்பியது, பூட்டின வாய்களெல்லாம் திறந்தன, கடைசியில் நீதிமன்றம் நாள் குறித்தது: அதற்குள் ஒவ்வொருவர்மேலும் என்ன குற்றம் என்று எழுதிக் கொண்டுவா, எழுத ஒன்றும் இல்லையென்றால் விட்டுவிடு. சட்டத்தரணிப் பிள்ளை போனில் அழுதுகொண்டு சொன்னாள். றீற்றாக்கா முற்றத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். சொன்னதுதான் தாமதம், ஊர் அடுப்பெல்லாம் ஒன்றாய்ப் பற்றியது. ஆனால் இந்தமுறை நண்டு வரவில்லை, பாயாசம் வரவில்லை, டொக்டர் சொன்னதைத் தவமலரிடம் எல்லாரும் கேட்டறிந்திருந்தார்கள், வீட்டுக்கு வீடு கஞ்சிதான் காய்ச்சினார்கள், வடித்துத் தெளியவைத்துக் கொண்டுவந்து வரிசையாய் வைத்துவிட்டு, இனிக் குடி தவம், இனிக் குடிக்கலாம் என்றார்கள்.

தவமலர் தலையை ஆட்டினாள். "முதல் அவன்," என்றாள்.

சாந்தரூபனை ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்து முடியும்வரை ஒருவரும் வாயில் ஒன்றும் வைப்பதில்லை என்று உள்ளே இருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆகையால் ஊரும் இருந்தது. கஞ்சிகள் ஆறின, ஆடை படிந்தது, ஈ மொய்க்காமல் சுளகால் மூடினார்கள், பிள்ளைகள் மடியில் நித்திரையாய்ப் போனார்கள். றீற்றாக்கா ஒரு கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தவமலரின் தலைமாட்டில் இருந்தாள். நேரம் போகப் போகத் தவமலரின் மூச்சு மேலேயே நின்றது. ஒரு கரண்டி, ஒரே ஒரு கரண்டி, அவனுக்கும் உயிர் நிற்கும் என்று றீற்றாக்காவின் நாக்கு நுனிவரை வந்தது, அதை விழுங்கிக்கொண்டு செபமாலையை உருட்டினாள். தவமலருக்கும் பயம் இல்லாமல் இல்லை. அவன் குடிக்காமலே போய்விடுவானோ, குடிக்கத் தெம்பில்லாமல் போய்விடுவானோ, நான் இந்த வாயை மூடி வைத்தே அவனைக் கொன்றுவிட்டேனோ என்று நெஞ்சு அடித்தது, அடித்துக்கொண்டே வாய் மூடிக் கிடந்தது.

வெயில் தாழ்ந்து முற்றத்துப் பூவரசு நிழல் வாசற்படிக்கு வந்த நேரம், தவமலரின் நாக்கு நனைந்தது. ஒருவரும் ஒன்றும் கொடுக்கவில்லை. கரண்டி றீற்றாக்காவின் கையில் காய்ந்துபோய்த்தான் இருந்தது. இவ்வளவு காலமும் இங்கே இருந்து அங்கே போனது இன்றைக்கு முதல்முறையாய் அங்கே இருந்து இங்கே வந்தது: தகரப் பேணியின் மணம், இளஞ்சூடு, வடித்த கஞ்சித் தண்ணி, கொஞ்சம், நின்று, இன்னும் கொஞ்சம், பேணியைப் பிடித்திருக்கிற தம்பியின் கையும் தெரிந்தது. அவளுடைய தொண்டை அசைந்ததை றீற்றாக்கா கண்டாள். முற்றத்தில் இருந்தவர்கள் எழும்பினார்கள்.

"என்ன பிள்ளை?" என்று றீற்றாக்கா குனிந்தாள்.

தவமலர் கண்ணைத் திறக்கவில்லை, கண்ணோரத்தால் மட்டும் தண்ணி ஓடியது. ஒருமுறை நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள்.

"உப்புக் காணாது," என்றாள்.